சுமப்பவர் யாரென்று சொல்லாத வினைச்சொல்

என் தம்பி ஓட்டிய காரில் அவனுடைய நண்பன் இறந்துபோனான். விடிவதற்கு முன், டென்மார்க்கில், ஹேர்னிங் நகரிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில், காட்டுப் பகுதியில் வீதி வளைகிற இடத்தில் நடந்தது. தாரின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருந்தது. கார் சறுக்கிப் போய்ப் பக்கவாட்டில் ஒரு மரத்தில் மோதியது. மோதிய பக்கம் நண்பன் இருந்த பக்கம். தம்பிக்குத் தோளில் ஒரு கன்றல் மட்டுந்தான். நண்பன் அன்று மத்தியானத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். ஒரு வாரம் இவனுடைய கார், மறு வாரம் அவனுடையது. அந்த வாரம் நண்பனுடைய முறை. அவனுடைய கார் திருத்தத்துக்குக் கராஜில் நின்றதால் தம்பி தன்னுடையதை எடுத்துப் போனான். இதைத் தம்பி பொலிசிடம் சொன்னான், அம்மாவிடம் சொன்னான், என்னிடம் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். எதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

நண்பனின் குடும்பம் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். நாங்கள் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். தகனத்துக்குப் போனபோது தம்பி உள்ளே வரவில்லை. கோட்டை இறுக்கிப் போர்த்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான். சடங்கு முடிந்து வெளியே வந்த நண்பனின் மனைவி, இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த மௌனத்தைத்தான் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவன் அம்மாவோடு ஹேர்னிங்கில் இருந்தான். நான் சில்க்போர்க்கில், ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியொன்றில் சமயப் பாடம் கற்பிக்கிறேன். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துவிட்டு வந்தவள். வார இறுதிகளில் அவர்களிடம் போவேன். அம்மா செபமாலையைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஆண்டவர் பொறுப்பார் தம்பி" என்பார். அவன் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவான். பொலிஸ் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. வேகம் கூடுதலா, வீதி அப்படியா, தீர்ப்பு எப்படி வரும், எதுவும் தெரியவில்லை.

ஒரு நாள் அம்மா தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார்: "தம்பி வேதாகமம் வாசிக்கிறான் பிள்ளை. கதவு நீக்கலால கண்டனான்." சின்ன வயதில் கோவிலில் உறுதிபூசுதல் பெற்ற பிறகு அவன் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவன் அதில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம், மத்தியான இடைவேளையில், நான் ஆசிரியர் அறையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நாளில் அவன் அழைப்பதில்லை.

"அக்கா, வகுப்போ?"

"இல்லை, சொல்லு."

"ஒண்டு கேக்கோணும். நீங்கள் எபிரேயம் படிச்சனீங்கள்தானே?"

"ஓம்."

"காயின் தன்ர தம்பியைக் கொலை செய்துபோட்டுக் கடவுளிட்ட ஒண்டு சொல்லுறான், தன்ர குற்றத்தைப் பற்றி. என்ர டேனிஷ் புத்தகத்தில, தாங்க ஏலாத அளவுக்குப் பெரிசு எண்டு கிடக்கு. கீழ அடிக்குறிப்பில, மன்னிக்க ஏலாத அளவுக்குப் பெரிசு எண்டும் வாசிக்கலாமாம். ரெண்டில எது சரி?"

குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவனுக்குப் பின்னால் காற்று இரைந்தது. காற்றோடு இன்னொரு சத்தமும் வந்தது: கயிறொன்று உலோகக் கம்பத்தில் மோதுகிற சத்தம், டிங், டிங் என்று, ஒழுங்கில்லாமல். கொடி இறக்கிய கம்பத்தில் காற்றடித்தால் கயிறு அப்படித்தான் அடித்துக்கொள்ளும். இந்த நாட்டில் எங்கும் கேட்கிற சத்தம். ஆனால் இடையில் வாத்துகளும் கத்தின.

"எங்க நிக்கிறாய்?"

"வெளியில."

"வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லை. பஸ்ஸில வந்தனான்."

"எங்க வந்தனி?"

வாத்துகள் மறுபடி கத்தின. அவன் சில்க்போர்க்குக்கு வந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரிக்கரையில், படகுக் கழகத்தின் கொடிக்கம்பத்தடியில். எங்கள் மாணவர்கள் கோடையில் துடுப்புப் போடப் பழகும் இடம். என் பள்ளியிலிருந்து தூரமில்லை. என்னிடம் வருவதற்காகப் புறப்பட்டு, பாதி வழியில் ஏரிப்பக்கம் திரும்பியிருக்கிறான்.

எனக்கு எதிரே சரித்திரம் கற்பிக்கும் டேனிஷ் தோழி உட்கார்ந்திருந்தாள். ரொட்டி சுற்றியிருந்த தாளில் 'என் தம்பி, படகுக் கழகம், கார்' என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் வாசித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கார்ச் சாவியை எடுத்தாள். நாங்கள் இருவரும் கோட்டுகூடப் போடாமல் படிகளில் இறங்கினோம்.

படியில் வைத்தே கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் துணிவில்லை.

"தம்பி, நீ சாகிறதைப் பற்றி யோசிக்கிறியோ?"

கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவன் டேனிஷில் பதில் சொன்னான். தெரியவில்லை என்றான். மனதுக்கு மிக நெருக்கமானதைப் பேச வேண்டி வந்தால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு டேனிஷ்தான் வரும்.

"பொறு. நான் வாறன். போனை வையாதை."

"முதல் நான் கேட்டதுக்குச் சொல்லுங்கோ. எது சரி?"

கார் புறப்பட்டது. அவன் கேட்ட கேள்வியின் இரண்டு பதில்களுமே அந்த நேரத்தில் சொல்லக்கூடாதவை. தாங்க முடியாதது என்றால், தன்னால் தாங்க முடியவில்லை என்பான். மன்னிக்க முடியாதது என்றால், அதுதான் தனக்கும் தெரியும் என்பான். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். எனக்குத் தெரிந்த உண்மை இலக்கணம் மட்டுந்தான். அதையே பிடித்துக்கொண்டேன்.

"எபிரேயத்தில அது மூண்டே சொல்லு," என்றேன். "கதோல் அவோனி மின்னெசோ. கதோல் எண்டால் பெரிசு. அவோனி எண்டால் என்ர குற்றம். மின்னெசோ எண்டதுதான் நீ கேக்கிற இடம். அதுக்குள்ள இருக்கிற வினைச்சொல்லு நாசா."

"நாசாவோ? ரொக்கெட் விடுற நாசாவோ?"

எபிரேய வகுப்பில் முதல் நாளிலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடும் பகிடி அது. அன்று அதைக் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது.

"ஓமடா, அதே மாதிரித்தான் கேக்கும். ஆனா இதுக்குத் தூக்கிறது எண்டு கருத்து. கல்லைத் தூக்கினாலும் நாசா, பிள்ளையைத் தூக்கினாலும் நாசா, கண்ணைத் தூக்கிப் பாத்தாலும் நாசா. குற்றத்துக்கும் அதே சொல்லுத்தான். குற்றம் செய்தவன் அதைத் தூக்கினால் சுமக்கிறான் எண்டு எழுதுவினம். மற்றவன் தூக்கினால் மன்னிக்கிறான் எண்டு எழுதுவினம். எபிரேயத்தில ரெண்டும் ஒரே வேலை. அதால உன்ர புத்தகத்தில மேல ஒண்டும் கீழ ஒண்டுமாய் இருக்கு."

"அப்ப அவன் எதைச் சொன்னவன்?"

"அதை ஒருத்தராலயும் அறுதியாச் சொல்லேலாது."

"அக்கா, விளையாடாதேங்கோ."

"விளையாடேல்லை. கேள்."

சந்தியில் ஒரு பார ஊர்தி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வழி அடைபட்டுவிட்டது. தோழி ஹோர்ன் அடிக்கக் கையை உயர்த்தி, என் தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். நான் சொல்வதில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிவாக் கேள் தம்பி. அவோனி எண்டேக்க கடைசியில ஒரு 'ஈ' வருது. அதுதான் 'என்ர'. குற்றம் தன்ர எண்டு காயின் ஒத்துக்கொள்ளுறான். அதை மறைக்கேல்லை. ஆனா நெசோ எண்ட சொல்லுக்குப் பின்னால ஒரு ஒட்டும் இல்லை. நான் தூக்க எண்டும் இல்லை, நீ தூக்க எண்டும் இல்லை. வெறும் 'தூக்க'. தூக்கிறதிலும் பெரிசு, அவ்வளவுதான். ஆர் தூக்கிறது எண்டு அந்த வினையில இல்லை. உன்ர புத்தகத்தில 'என்னால' எண்டு கிடந்தால், அது மொழிபெயர்த்த ஆக்கள் சேர்த்தது."

ஊர்தி விலகியது. கார் பாய்ந்தது.

"ஒரு ஒட்டும் இல்லையோ?" என்றான்.

"இல்லை. குற்றத்தில 'என்ர' இருக்கு. சுமக்கிறதில இல்லை."

நான் இதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். முன்னிடைச்சொல், வினையெச்சம், விகுதி இல்லை என்று. அப்போது அது ஒரு மதிப்பெண்ணுக்கான விடை. காருக்குள் அதைச் சொல்லி முடித்தபோது, எனக்கே அதைப் புதிதாகக் கேட்டது போலிருந்தது.

"அப்ப அவள் தூக்குவாளோ?"

நண்பனின் மனைவியைக் கேட்கிறான் என்று விளங்க ஒரு விநாடி பிடித்தது.

"அது எனக்குத் தெரியாது. அவளுக்காக நான் சொல்லேலாது. ஆனா நான் ஒரு பக்கம் பிடிப்பன். அம்மா பிடிப்பா. அதுக்கு நீ இருக்கோணும்."

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கயிற்றின் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். கார் கரையில் நிற்குமுன்பே கதவைத் திறந்துவிட்டேன்.

பெஞ்சுகளில் யாரும் இல்லை. படகுக் கழகத்தின் மரத் துறை ஏரிக்குள் நீண்டு கிடந்தது. அதன் கடைசிப் பலகையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைபேசி பிடித்த கையைத் தொங்கவிட்டபடி நின்றான். ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி பிடித்திருந்தது. நடுவில் தண்ணீர் கறுப்பாக அசைந்தது. தோழி என் பின்னால் நின்று அவசர எண்ணுக்குப் பேசத் தொடங்கினாள். நான் துறையில் கால் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குள் போடும் மெல்லிய சப்பாத்து. பலகை முழுவதும் வெண்பனி உறைந்திருந்தது. கொஞ்சத் தூரந்தான் நடந்திருப்பேன். கால் வழுக்கி, ஒரு முழங்காலில் விழுந்து, ஓரத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அவன் திரும்பினான்.

"வராதேங்கோ அக்கா! வழுக்கும்! அப்பிடியே நில்லுங்கோ!"

வாரக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத குரல் அது. முழுக் குரல். நான் எழும்பப் பார்த்தேன், மறுபடி சறுக்கியது. அவன் வந்தான். பாதத்தைத் தட்டையாக வைத்து, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து, கைகளை விரித்துக்கொண்டு வந்தான். என் முழங்கையைப் பிடித்தான். அவனுடைய விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தோம். கரை வந்த பிறகும் நான் பிடியை விடவில்லை.

தோழி தன் கழுத்துத்துணியை அவனுக்குச் சுற்றிவிட்டாள். காரைக் காட்டினாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் எந்தக் காரிலும் ஏறியதில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. தொலைபேசியில் இருந்தவர்களிடம் நாங்கள் நடந்து வருகிறோம் என்று சொன்னாள். காரை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அவள் முன்னால் போனாள். நான் அவனுடைய கையைக் கோத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு தடவை அவன், "முழங்கால் நோகுதோ?" என்று கேட்டான்.

மனநலப் பிரிவின் நடைபாதையில் காத்திருந்தபோது அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுவார் என்று நினைத்தேன். "பொறு பிள்ளை, சப்பாத்துப் போடுறன், வாறன்" என்றார். பிறகு தொலைபேசியை வைக்க மறந்து, கதவைப் பூட்டிக்கொண்டே, "ஆண்டவரே, பொறுத்தருளும், என்ர பிள்ளையைப் பொறுத்தருளும்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்குவது கேட்டது. காத்திரு என்பதற்கும் மன்னித்துவிடு என்பதற்கும் அவருக்கு ஒரே சொல். பாரத்துக்குப் பொறை என்று பேர் உள்ள மொழியில் அது இயல்புதான். ஓர்ஹூஸில் எங்கள் விரிவுரையாளர், ஒரே வினை எப்படிச் சுமப்பதாகவும் மன்னிப்பதாகவும் இருக்க முடியும் என்று டேனிஷில் விளக்க நெடுநேரம் பாடுபட்டார். நானும் அவரோடு சேர்ந்து தலையைச் சொறிந்தேன். தமிழில் யோசித்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி அந்தப் பிரிவில் சில வாரங்கள் இருந்தான். நல்ல மருத்துவர், நல்ல தாதியர். மருந்தும் பேச்சும் மெல்ல மெல்ல வேலை செய்தன. இலக்கணம் அவனைக் காப்பாற்றியது என்று நான் எங்கும் சொல்வதில்லை. ஒரு மத்தியானம் அவனை என்னோடு பேச வைத்திருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்த பிறகு என்னோடு சில்க்போர்க்கில் தங்கினான். நீதிமன்றம், வீதியின் நிலைக்கு அந்த வேகம் கூடுதல் என்று சொல்லி, அவனுடைய ஓட்டுநர் உரிமத்தைக் கொஞ்சக் காலத்துக்கு எடுத்துக்கொண்டது. அவன் தீர்ப்பை மறுக்கவில்லை. சொல்லப்போனால், யாரோ ஒருவர் தன் குற்றத்தின் அளவைச் சொன்னதில் அவனுக்கு ஆறுதல் இருந்தது.

வசந்தம் பிறந்திருந்த ஒரு நாளில் நண்பனின் மனைவி என்னை அழைத்தாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். எதையும் நீட்டிப் பேசமாட்டாள். தம்பியை அவள் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சனிக்கிழமை பிள்ளை வீட்டில நிக்கமாட்டாள்."

எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவரிடம் கேட்டோம், அவன் போக விரும்பினால் போகட்டும் என்றார். பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவன் தன் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். அவளுடைய வாசலில் மணியை அடிக்கப் போன கையை எடுத்துவிட்டு, "திட்டினால் நல்லது" என்றான். "திட்டாட்டி என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். நண்பனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. தம்பி எழுந்து நின்றான்.

"நான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"இருங்கோ அண்ணை."

அவன் இருக்கவில்லை.

"இருங்கோ எண்டு சொன்னனான்," என்றாள் மறுபடி. அவன் உட்கார்ந்தான். "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல நான் கூப்பிடேல்லை. எனக்கு இன்னும் அது வரேல்லை. வருமோ எண்டும் தெரியாது. உங்கட வேதத்தில என்ன சொல்லியிருக்கோ, எங்கட சாத்திரத்தில என்ன சொல்லியிருக்கோ, எனக்குத் தெரியாது. பொய் சொல்ல விருப்பமில்லை."

"ஓம்," என்றான் தம்பி.

"அண்டைக்குக் காலமை நான் நித்திரை. எழும்பேல்லை. அவர் சொல்லாமல் வேலைக்குப் போட்டார். நீங்கள்தான் கடைசியா அவரோட கதைச்சனீங்கள். காருக்குள்ள என்ன கதைச்சவர்? அதைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிவிட்டது. விபத்தைப் பற்றி எத்தனையோ பேர் அவனிடம் கேட்டிருக்கிறார்கள்: எத்தனை வேகம், எந்த வளைவு, எப்போது பிரேக். அதற்கு முந்திய நேரத்தை யாரும் கேட்கவில்லை. அவன் தொடங்கினான், நிறுத்தினான், மறுபடி தொடங்கினான்.

நண்பன் காரில் ஏறியதும் சீற் குளிர்கிறது என்று முறைப்பட்டானாம். தொழிற்சாலைக் கோப்பி மெசினைத் திட்டினானாம். மகள் முந்தின நாள் தன் சப்பாத்துகளை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கழற்ற விடாமல் கட்டிலில் அப்படியே படுத்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தானாம். கோடையில் ஓல்போர்க்கில் இருக்கும் மச்சானிடம் போவதா, வீட்டுக்குப் பின்னால் ஒரு பந்தல் போடுவதா என்று மனைவியோடு இன்னும் சண்டை தீரவில்லை என்றானாம்.

"என்ன சொன்னவர்? ஆர் வெல்லுறது எண்டு சொன்னவர்?"

"நீங்கள்தான் வெல்லுவீங்கள் எண்டு சொன்னவன். தனக்கு முதலே தெரியுமாம். ஆனா கொஞ்ச நாளைக்கு விட்டுக்குடுக்காமல் இருந்தால்தானாம் மரியாதை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி நிறுத்தினான். அவள் கையால் சைகை காட்டினாள், சொல்லு சொல்லு என்று. அவன் சொன்னான். வளைவு வரும்வரை சொன்னான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். குடித்தோம். புறப்படும்போது வாசல்வரை வந்தாள்.

"இன்னும் ஏதும் ஞாபகம் வந்தால் வந்து சொல்லுங்கோ," என்றாள். "போனில சொல்ல வேண்டாம். வாங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவன் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. விபத்துக்குப் பிறகு அவன் இப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை. சில்க்போர்க்கில் எங்கள் தரிப்பு வந்தது. மணியை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு கடைசித் தரிப்புவரை போனது. அங்கே ஓட்டுநர் வந்து அவன் தோளைத் தட்டினார்.

வெளியே இறங்கினால் ஒரு பெற்றோல் நிலையமும் வயல்வெளியும் மட்டும். சுள்ளென்று காற்று அடித்தது. அடுத்த பஸ்ஸுக்குக் கனநேரம் கிடந்தது.

"என்னக்கா இது, எழுப்பியிருக்கலாம்தானே?" என்று எரிந்து விழுந்தான். "இப்ப இஞ்ச நிண்டு என்ன செய்யிறது?"

பெற்றோல் நிலையத்தில் சொசேஜ் விற்றார்கள். அவன் என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு வாங்க உள்ளே போனான்.